‘பொம்மைப் படம்தானே...’ என்று சொல்லாதீர்கள்!

அனிமே, பேய்ப்படம், விஞ்ஞானக் கற்பனை நாவல்... ஒரே கதை ஒருவரைச் சிரிக்க வைக்கிறது, இன்னொருவரைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஏன்?

ஒரே வீடு, ஒரே டி.வி., ஒரே பேய்ப்படம். காலேஜ் படிக்கும் மூத்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்பா கொட்டாவி விடுகிறார். அம்மா விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறார். எட்டு வயசுக் கடைக்குட்டி மட்டும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாள் கழித்தும் பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்கிறாள். உடனே, “இதுக்குப் போய் பயப்படறியே... பயந்தாங்கொள்ளி!” என்று எல்லோருமாகச் சேர்ந்து கிண்டல்.

முதலில் இந்தக் கிண்டலை நிறுத்துங்கள். பயம் என்பது உடம்பு போடும் கணக்கு. வயசு, நரம்புகளின் வாகு, பழைய அனுபவம், முதல் நாள் தூக்கம் என்று பல விஷயங்கள் சேர்ந்து அந்தக் கணக்கைப் போடுகின்றன. அதில் தைரியத்துக்கு இருக்கும் பங்கு ரொம்பக் குறைவு. கிண்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, தன் பயத்தோடு தனியாகப் படுக்கிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘பொம்மைப் படம்தானே’, ‘சினிமாதானே’, ‘கதைதானே’... நாம் அடிக்கடி சொல்லும் இந்த மூன்று ‘தானே’க்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

‘பொம்மைப் படம்தானே!’

பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள் என்றால் நாம் நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஆனால் ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அனிமேஷன், குழந்தைகளுக்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. அங்கே பெரியவர்களுக்கென்றே காதல், போர், கொலை, பேய் என்று எல்லாக் கதைகளும் பொம்மை வடிவில் வருகின்றன.

1988 ஏப்ரலில் ஜப்பானிய தியேட்டர்களில் இரண்டு அனிமே படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாகத் திரையிட்டார்கள். ஒன்று ‘என் பக்கத்து வீட்டு டொடோரோ’. காட்டில் வாழும் ஒரு சாதுவான பெரிய பிராணியோடு இரண்டு சிறுமிகள் சிநேகமாகும் கதை. எந்தக் குழந்தையும் பார்க்கலாம். இன்னொன்று இஸாவோ தகஹதா இயக்கிய ‘மின்மினிகளின் கல்லறை’. 1945-ல் கோபே நகரத்தில் குண்டு மழையில் தாயை இழந்த ஓர் அண்ணனும் அவனுடைய நாலு வயசுத் தங்கையும் பசியோடு போராடும் கதை. டிக்கெட் ஒன்றுதான், முதல் படத்துக்குச் சிரித்த குடும்பம், அடுத்த படத்தில் விக்கி விக்கி அழுதது!

அழுவது நல்லதா, கெட்டதா? தவறே இல்லை. அடுத்தவர் துக்கத்தைத் தன் துக்கமாக உணர முடிகிறது என்பதற்கு அது அடையாளம். “பொம்மைக்குப் போய் அழறியா?” என்று கேட்காமல், கூட உட்கார்ந்து “அந்தத் தங்கச்சி பாவம்தான், இல்லே?” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அழுத மனசு தானாக லேசாகிவிடும். ஆனால் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் இந்த மாதிரிப் படங்களைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள்.

மனசு மட்டுமல்ல, மூளையும் நேரடியாக அடி வாங்கலாம் என்று காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஜப்பான் டி.வி.யில் ‘போக்கிமான்’ ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி தொடங்கி சுமார் இருபது நிமிஷத்தில் ஒரு வெடிப்புக் காட்சி. சிவப்பும் நீலமும் மாறி மாறி, விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 முறை, சில விநாடிகளுக்குப் பளிச் பளிச்சென்று மின்னின. அவ்வளவுதான்! நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல். சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் அப்படி வந்ததே இல்லை. அந்தத் தொடரை நாலு மாதம் நிறுத்தி வைத்தார்கள். குறிப்பிட்ட அந்தப் பகுதியை அதன் பிறகு ஒளிபரப்பவே இல்லை. மின்னும் காட்சிகளுக்கு ஜப்பானில் புது விதிமுறைகளும் வந்தன.

இங்கே என்ன நடந்தது? நம் மூளையின் பின்பக்கம், கண் அனுப்பும் செய்தியை வாங்கும் பகுதி இருக்கிறது. வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் விட்டு விட்டு அடித்தால், சிலருக்கு அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்துவிடும். அதுதான் வலிப்பாக வெளிப்படுகிறது. இதை ‘ஒளித் தூண்டல் வலிப்பு’ என்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இந்த வகை உண்டு. சிறுவயதிலும் டீன் ஏஜிலும்தான் அதிகம். அன்று பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் வலிப்பு வரவில்லை. தலைவலியும் குமட்டலும் மட்டும் வந்தவர்கள் நிறைய. செய்தி பரவிய பயத்திலேயே உடம்பு சரியில்லாமல் போனவர்களும் அதில் இருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

அதற்காகக் கார்ட்டூனையே நிறுத்த வேண்டாம். நாலு விஷயம் போதும். அறையில் விளக்கு எரியட்டும். டி.வி.யிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காரட்டும். தூக்கம் கெட்ட நாளில் நீண்ட நேரம் திரை வேண்டாம். காட்சி படபடவென்று மின்னி ஒரு மாதிரி இருந்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். இமைகளை மட்டும் மூடினால் போதாது. வெளிச்சம் இமை வழியாகவும் உள்ளே போகும்.

வலிப்பு வந்துவிட்டால்?

பதறாதீர்கள். பக்கத்தில் இருக்கும் கூர்மையான சாமான்களைத் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று துணி வையுங்கள். துள்ளும் கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், சோடா எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கும் நேரமும் இரும்பு கிடைத்த நேரமும் ஒன்றாக அமைவதால் நாம் அப்படி நம்புகிறோம். துள்ளல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, உடனே 108. முதல் தடவையாக வந்தது என்றால், சரியாகிவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

‘சினிமாதானே!’

இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று துள்ளிக் குதித்திருக்கிறீர்கள் அல்லவா? குதித்த பிறகுதானே ‘சே, கயிறு!’ என்று தெரிகிறது? மூளையில் இரண்டு பாதைகள் இருப்பதுதான் காரணம். ஒன்று குறுக்குவழி. பாதாம் பருப்பு வடிவத்தில் ‘அமிக்டலா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அரைகுறைச் செய்தி கிடைத்தாலே ‘ஆபத்து!’ என்று மணி அடித்துவிடும். இன்னொன்று சுற்றுவழி. மூளையின் மேற்பகுதி நிதானமாக ஆராய்ந்து, ‘பயப்படாதே, இது படம்’ என்று சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, மயிர்க்கால்கள் சிலிர்த்துவிடுகின்றன.

‘ரத்தத்தையே உறைய வைக்கும் படம்’ என்று போஸ்டரில் போடுகிறார்களே, அதையும் ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்து டாக்டர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்! ஆரோக்கியமான 24 பேருக்கு ஒரு நாள் பேய்ப்படமும், இன்னொரு நாள் ஷாம்பெயின் தயாரிப்பு பற்றிய சாதுவான டாகுமென்டரியும் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப்படம் பார்த்தபோது பலருக்கு ரத்தம் உறைய உதவும் ‘எட்டாவது காரணி’ என்ற பொருள் கூடியிருந்தது. ஆனால் ரத்தம் உண்மையில் கட்டியாகவில்லை. 2015-ல் வெளியான ஆய்வு இது. காயம் பட்டால் ரத்தம் வீணாகாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே தயாராகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். படம் பொய் என்று நமக்குத் தெரியும். உடம்போ நிஜத்துக்குத் தயாராகிவிடுகிறது!

அப்படியானால் சிலர் காசு கொடுத்துப் பயப்படுவானேன்? பயத்தில் ஏறிய படபடப்பு, ஆபத்து நீங்கியதும் சட்டென்று இறங்கிவிடாது. அந்த மிச்சம், ‘அப்பாடா’ என்ற நிம்மதியோடு சேர்ந்து, நிம்மதியையே பெரிய குஷியாக ஆக்கிவிடுகிறது. ராட்டினத்தில் சுற்றி இறங்கியதும் சிரிப்பு பொங்குகிறதே, அது மாதிரிதான். உங்கள் மூத்தவன் சிரிப்பது தைரியத்தால் மட்டுமல்ல. அவனுக்கு ‘ஆபத்து இல்லை’ என்ற செய்தி சீக்கிரம் போய்ச் சேருகிறது. கடைக்குட்டிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பெரியவர்களும் விதிவிலக்கில்லை. 1960-ல் வந்த ‘சைக்கோ’ படத்தில் ஷவரில் குளிக்கும்போது குத்திக் கொல்லப்படும் பெண்ணாக நடித்தவர் ஜேனட் லீ. படத்தைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடித்தவருக்கே இந்தக் கதி! 1973-ல் ‘எக்ஸார்சிஸ்ட்’ வந்தபோது, அதைப் பார்த்து மனநிலை பாதிக்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி ஒரு மனநல டாக்டர் 1975-ல் மருத்துவ இதழில் எழுதினார்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் 1999-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கேட்டார்கள். சின்ன வயசில் ஏதாவது படமோ டி.வி. நிகழ்ச்சியோ பார்த்துப் பயந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றவர்கள் பத்தில் ஒன்பது பேர். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றவர்கள் நாலில் ஒருவர். “எல்லாம் வளர்ந்தா சரியாயிடும்” என்று நாம் சொல்வது எல்லோருக்கும் பொருந்தவில்லை.

வயசுக்கு ஒரு பயம்

எந்தப் படம் யாரைப் பயமுறுத்தும் என்று நாம் போடும் கணக்கு அடிக்கடி தப்பாகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோன் கேன்டர் பல வருஷம் ஆராய்ந்த விஷயம் இது.

ஏழு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு உருவம்தான் எல்லாம். 1970-களின் கடைசியில் அமெரிக்க டி.வி.யில் வந்த ‘ஹல்க்’ தொடரில் பச்சை ராட்சசன் நல்லவன். ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறவன். ஆனால் சாது மனிதர் பச்சையாக ஊதிப் பெருகும் காட்சியில் சின்னஞ்சிறுசுகள் நடுங்கின. ‘காப்பாத்தத்தானே வர்றான்’ என்பது அந்த வயசில் ஏறாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோ அவன் வந்ததும் நிம்மதியானார்கள். அவர்களுக்குப் பயம், அவன் வருவதற்கு முந்தைய ஆபத்தில்.

பிள்ளை வளர வளர, ‘இது நிஜமா நடக்குமா?’ என்ற பயம் வருகிறது. 1983 நவம்பரில் அமெரிக்காவில் ‘அடுத்த நாள்’ என்று அணுகுண்டுப் போர் பற்றி ஒரு டி.வி. படம் வந்தது. அதைப் பார்த்துச் சிறுசுகள் அவ்வளவாகக் கலங்கவில்லை. கலங்கியது டீன் ஏஜ் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர்களும்!

‘நிஜம்’ என்று நம்பவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்தது உதாரணம். 1992 அக்டோபர் 31 இரவு, பி.பி.சி.யில் ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நிகழ்ச்சி. பேய் பிடித்த வீட்டிலிருந்து நேரடி ஒளிபரப்பு என்கிற பாணி. மக்களுக்கு நன்றாகப் பரிச்சயமான மைக்கேல் பார்க்கின்சன் முதலானவர்களே அதில் தோன்றினார்கள். உண்மையில் அது முன்கூட்டியே எடுத்து வைத்த நாடகம். பலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். 1994-ல் ஒரு பிரபல மருத்துவ இதழில் டாக்டர்கள் எழுதினார்கள்: அதைப் பார்த்த பத்து வயசுப் பையன்கள் இருவருக்கு, விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற மன அதிர்ச்சி நோய் வந்திருந்தது. பி.பி.சி. அதை மறுபடி ஒளிபரப்பவில்லை.

‘கதைதானே!’

சரி, புத்தகம்? அங்கே படமும் இல்லை, சத்தமும் இல்லையே? பயத்துக்கு அவை தேவையில்லை. 1816-ன் கோடைக்காலத்தில், ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீடு. வெளியே ஓயாத மழை. முந்தின வருஷம் இந்தோனேஷியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவின் பருவமே கெட்டுப் போயிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் 18 வயசு மேரி. தூக்கமும் விழிப்புமாகப் படுத்திருந்த ஓர் இரவில், செத்த உடல் பாகங்களைச் சேர்த்து ஒரு மாணவன் உருவாக்கிய பிராணி அசைவதை மனக்கண்ணில் பார்த்து அவர் நடுங்கிப் போனார். 1818-ல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் பிறந்தது இப்படித்தான். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் முன்னோடி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். தன்னைப் பயமுறுத்திய விஷயத்தை எழுதி, அதைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார் மேரி ஷெல்லி.

நம் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ ஞாபகம் இருக்கிறதா? நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்த்தும் திண்டாடுவார்கள். வாரா வாரம் தொடராக வந்தபோது அதைப் படித்துவிட்டு, விளக்கை அணைக்க யோசித்தவர்கள் உண்டு. ‘ஹாலோகிராம்’ என்ற வார்த்தையை முதல் தடவையாகக் கேள்விப்பட்டு, விவரம் தேடிப் போனவர்களும் உண்டு. ஒரே கதை, ஒருவருக்குத் திகில், இன்னொருவருக்கு ஆர்வம்.

ஆனாலும் புத்தகத்தில் ஒரு சௌகரியம். வேகம் நம் கையில். பயம் அதிகமானால் மூடி வைக்கலாம், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். படம் அப்படிக் காத்திருக்காது. ஹெச்.ஜி.வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ 1898-லேயே புத்தகமாக வந்தது. செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுக்கும் கதை. ஜனங்கள் ரசித்துப் படித்தார்கள். அதையே 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க ரேடியோவில், செய்தி அறிக்கை மாதிரி ஆர்சன் வெல்ஸ் நாடகமாக்கினார். நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களில் சிலர் நிஜமென்று நினைத்துப் பதறினார்கள். நாடே அலறி ஓடியது என்று மறுநாள் பேப்பர்கள் எழுதியது மிகை. ஆனால் பதறியவர்கள் இருந்தது நிஜம்.

ஆகவே கதை மட்டும் பயமுறுத்துவதில்லை. அது எந்த உருவத்தில் வருகிறது, ‘போதும்’ என்று நிறுத்தும் உரிமை நம்மிடம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சர்ட்டிஃபிகேட்டைப் பாருங்கள். நம் நாட்டில் 2024 முதல் யு/ஏ படங்களை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓ.டி.டி.யிலும் இந்த வயசுக் குறிப்பு உண்டு. ‘கார்ட்டூன்’ என்பதற்காக அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

நிறுத்தும் உரிமையைக் கொடுங்கள். “எப்ப வேணும்னாலும் ‘போதும்’னு சொல்லு, ஆஃப் பண்ணிடலாம்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தைரியம் வரட்டும் என்று வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள்.

சின்னக் குழந்தைக்கு விளக்கம் உதவாது, அணைப்பு உதவும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பாகப் பால் கொடுங்கள், பிடித்த பொம்மையைக் கையில் கொடுங்கள். “அதெல்லாம் நிஜமில்லே” என்று பத்து தடவை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

எட்டு வயசுக்கு மேல் என்றால் எப்படி எடுத்தார்கள் என்று காட்டுங்கள். 1980-ல் ‘மிஸ்டர் ரோஜர்ஸ்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில், ஹல்க்காக நடித்த லூ ஃபெரிக்னோ பச்சை மேக்கப் போட்டுக்கொள்வதைக் காட்டினார்கள். மேக்கப்பையும் கிராஃபிக்ஸையும் பார்த்த பிறகு பேய்க்குப் பாதி மவுசு போய்விடும்.

திருநீறு பூசிப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், “அது உன்கிட்ட வராது” என்று சொன்னால் ‘அது’ இருக்கிறது என்றாகிவிடும். சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதையும் விட்டுவிடுங்கள்.

படுக்கப் போகும் நேரத்தில் பயங்கரப் படம் வேண்டாம். சாயங்காலமே பார்த்துவிட்டு, நடுவில் சாப்பாடு, சிரிப்பு, பேச்சு என்று கொஞ்ச நேரம் போகட்டும்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வருவது அது. படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தால் தெளிந்துவிடும். நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், தூக்கிவாரிப் போடும் படங்களைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது டாக்டர்?

இரண்டு மூன்று நாள் விளக்குப் போட்டுத் தூங்குவது சகஜம். ஆனால் ஒரு மாதம் ஆகியும் கெட்ட கனவு நிற்கவில்லை, தனியாக இருக்க மறுக்கிறது, நின்று போன படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்பிவிட்டது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுகிறது என்றால், குழந்தைகள் டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ காட்டுங்கள். மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். சில சமயம் படம் வெறும் சாக்காக இருக்கும்; பிள்ளையின் மனசில் வேறொரு பயம் ஒளிந்திருக்கும். அதையும் கண்டுபிடிக்க இது ஒரு வாய்ப்பு.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது பயந்தால், “இதுக்கா பயந்தே?” என்று கேட்காதீர்கள். “எந்த இடத்துல பயந்தே?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே பாதி பயம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களே!